இரு கரையிலும் கேட்கப்பட்ட அத்தாட்சி

உத்தியோகம் பெறுவதற்குக் கல்வியும் திறமையுமே வேண்டும் என்று வகுப்பறையில் நாம் மாணவருக்குச் சொல்கின்றோம். அது பாதி உண்மையே. மற்றப் பாதி காகிதத்தில் இருக்கின்றது. பிறப்பத்தாட்சிப் பத்திரம், வதிவிடச் சான்று, குடியுரிமைச் சான்று என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கப்படும் பத்திரங்களுள் ஒன்று குறைந்தாலும் கற்ற கல்வி கந்தோர் வாயிலோடு நின்றுவிடும். உரிமை என்பது ஒன்று. அவ்வுரிமையை நிறுவும் காகிதம் என்பது வேறொன்று. மலையகத்திற் பிறந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை எவரும் விளக்கத் தேவையில்லை.

இந்தியாவில் அரசாங்க வேலைகளுக்கான இடஒதுக்கீட்டைக் கோருபவர் தம் சாதியைச் சான்றிதழ் மூலம் மெய்ப்பிக்க வேண்டும். அம்முறையைப் பற்றியே ஈண்டு எழுத முனைகின்றேன். இலங்கை ஆசிரியன் ஒருவனுக்கு அதிலே என்ன அக்கறை என்று வாசகர் வினவக்கூடும். விடை என் குடும்பத்தின் வரலாற்றிலேயே உள்ளது. பல்லாயிரம் மலையகக் குடும்பங்களின் வரலாறும் அதுவே.

என் பாட்டனாரும் அவருடைய தம்பியும் அட்டன் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில் ஒரே லயத்திற் பிறந்தவர்கள். அவர்களுடைய தந்தை திருச்சிராப்பள்ளிச் சீமையிலிருந்து கங்காணி ஒருவனுடன் வந்தவர். எங்கள் குடும்பம் ஆதிதிராவிடர் குடும்பம்; அதை எழுதுவதில் எனக்குக் கூச்சமில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டிலே இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன், மணமானவராயின் 7 ஆண்டும் மணமாகாதவராயின் 10 ஆண்டும் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்ததை நிறுவுமாறு அச்சட்டம் கேட்டது. ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. அவர்களுள் ஆறிலொரு பங்கினரே ஏற்கப்பட்டனர். பாட்டனார் வேலை செய்த இரு தோட்டங்களுள் ஒன்றின் பழைய செக்ரோல் புத்தகம் கிடைக்கவில்லை. அவ்விரண்டு ஆண்டுகளும் அவர் இங்கில்லாத ஆண்டுகளாகக் கொள்ளப்பட்டன. கொழுந்துக்கூடை சுமந்தவளும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவனும் இந்நாட்டில் இருந்தார்கள் என்பதற்கு மலைகளே சாட்சி. ஆனால் மலைகள் கையொப்பமிடுவதில்லை.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி செய்துகொள்ளப்பட்ட ஸ்ரீமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு அரசுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. பாட்டனார் இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார்; விடை வருமுன்னரே நாடற்றவராகக் காலமானார். அவருடைய தம்பி, எங்கள் சின்னத் தாத்தா, இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்று 1973இல் மனைவி மக்களுடன் தலைமன்னாரில் கப்பலேறினார். மண்டபம் முகாமில் சில வாரம் தங்கிய பின் நீலகிரிப் பக்கம் சென்று மறுபடியும் தேயிலைக்கே கூலியானார். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்கென 1968இல் அங்கு அரசாங்கத் தேயிலைத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டிருந்தது. எனினும் அவருக்குக் கிடைத்தது தனியார் தோட்டத்து நாட்கூலியே. இங்கே இந்தியாக்காரன் என அழைக்கப்பட்டவர் அங்கே சிலோன்காரர் ஆனார்.

சின்னத் தாத்தாவுடைய மகனின் மகள் எனக்குத் தங்கை முறை. எங்கள் குடும்பத்தின் அக்கரைக் கிளையிலே முதன்முதலாகப் பட்டம் பெற்றவள் அவளே. சில ஆண்டுகளுக்கு முன் அரசாங்க எழுதுவினைஞர் பதவிக்கான எழுத்துப் பரீட்சையில் நல்ல புள்ளிகள் பெற்றுச் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைக்கப்பட்டாள். தமிழ்நாட்டின் 1993ஆம் ஆண்டு இடஒதுக்கீட்டுச் சட்டப்படி அரசாங்கப் பதவிகளில் நூற்றுக்கு 69 ஒதுக்கப்பட்டவை. அவற்றுள் 18 பட்டியற் சாதியினருக்குரியவை. அந்தப் பிரிவிலே அவளுக்கு இடம் நிச்சயம் எனக் குடும்பம் நம்பியிருந்தது. ஆனால் பட்டியற் சாதியைச் சேர்ந்தவள் என்பதற்கான சாதிச் சான்றிதழ் அவளிடம் இல்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் அவளுக்குச் சேரவேண்டிய உதவித்தொகையும் அதே காரணத்தால் முன்னரே கிடைக்காது போயிருந்தது.

அச்சான்றிதழை எளிதிற் பெறலாம் என்று எண்ணுதல் தவறு. கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து எழுத வேண்டும். வருவாய் ஆய்வாளர் அதனை ஆமோதிக்க வேண்டும். இறுதியில் வட்டாட்சியர் சான்றிதழ் வழங்குவார். தந்தைக்குச் சாதிச் சான்றிதழ் இருக்குமாயின் மகளுக்கும் அதிகத் தடையின்றிக் கிடைக்கும். சித்தப்பாவுக்கோ அது இல்லை. கப்பலேறியபோது அவருக்கு ஒன்பது வயது. அக்கரை சென்றபின் பாடசாலையைக் காணாமல் தோட்டத்துக்கே போனவர். ஆகவே பள்ளி மாற்றுச் சான்றிதழும் இல்லை. கையிலிருந்தது தாயகம் திரும்பியோருக்குக் கொடுக்கப்பட்ட குடும்ப அட்டை ஒன்றே. எங்கள் குடும்பத்து அட்டையில் சாதி எழுதப்படவில்லை. பூர்வீக ஊரின் பெயரோ, எழுதிய எழுதுவினைஞர் காதில் விழுந்தவாறு, எந்த ஊரின் பெயரோடும் ஒவ்வாத ஆங்கில எழுத்துகளில் இருந்தது.

அவள் சென்ற கந்தோரில் உள்ளவர்கள், சிலோனிலிருந்து வந்தவர்களின் சாதி தமக்கு எங்ஙனம் தெரியும் என்று கேட்டனர். பூர்வீக மாவட்டத்திலே போய்ப் பெற்றுக்கொள்ளுமாறு சொல்லி அனுப்பினர். பூர்வீக மாவட்டத்துக் கந்தோரோ, அங்கு வசிக்காத ஒருவருக்குச் சான்று வழங்குதல் இயலாது என்று திருப்பி அனுப்பியது. இவ்விரு விடைகளும் தனித்தனியே பார்த்தால் நியாயமானவையாகவே தோன்றும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அவற்றின் கொடுமை விளங்குகின்றது.

2023 டிசம்பர் விடுமுறையில் நான் அக்கரை சென்றிருந்தேன். சித்தப்பாவும் தங்கையும் நானும் துறையூருக்கு அப்பாலுள்ள அந்தப் பூர்வீக ஊரைத் தேடிச் சென்றோம். குடும்ப அட்டையிலிருந்த பெயரையும் பாட்டிமார் சொல்லக் கேட்டிருந்த குலதெய்வத்தின் பெயரையும் கொண்டே ஊரைக் கண்டுபிடித்தோம். ஊருக்கு வெளியே, வாய்க்காலுக்கு அப்பால், சேரி. திண்ணையிலிருந்த மூதாட்டி ஒருவர் எங்களை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பின், “கண்டிச்சீமைக்குப் போன சனமா நீங்க? எங்க ஆத்தாவுக்கு அண்ணன் ஒருத்தரு பஞ்சத்துல கங்காணியோட போனவரு திரும்பவே இல்லைன்னு சொல்லுவாங்க” என்றார். எங்கள் பூட்டனாரின் பெயரை நாங்கள் சொல்லுமுன் அவரே சொன்னார்.

அந்த ஊரின் பெருநிலக்காரர் வீட்டிலே பல தலைமுறைப் பத்திரங்கள் இருப்பதாக ஊரார் கூறினர். கிணறு வாங்கியது, வயல் ஒற்றி வைத்தது, கோயிலுக்கு நிலம் விட்டது யாவும் எழுத்திலே உள்ளனவாம். அதே வயல்களை உழுத எங்கள் முன்னோரைப் பற்றி ஒரு வரியும் எங்கும் இல்லை. பட்டா நிலம் உடையவனின் பெயரைச் சொல்லும். உழுதவனின் பெயரைச் சொல்லாது. பள்ளிப் பதிவேடு உள்ளே அனுமதிக்கப்பட்ட பிள்ளையைச் சொல்லும். வாசலில் நிறுத்தப்பட்ட பிள்ளையைச் சொல்லாது. நிலமின்மையும் கல்வியின்மையுமே பட்டியற் சாதியினருக்கு இழைக்கப்பட்ட அநீதியின் இரு பெரும் அடையாளங்கள். அவ்வநீதிக்குப் பரிகாரம் கேட்டு வருபவரிடம் நிலப் பத்திரத்தையும் பள்ளிப் பத்திரத்தையும் கேட்கிறோம். எவன் மிகுதியாக இழந்தானோ அவனிடமே சான்று குறைவாக இருக்கும். இம்முறையின் அடிப்படை முரண்பாடு இதுவே என்பது என் துணிபு.

சட்டம் இம்முரண்பாட்டை மேலும் கூர்மையாக்குகின்றது. இந்திய அரசியலமைப்பின் 341ஆம் உறுப்புரையின்படி பட்டியற் சாதிகளைக் குறிக்கும் ஆணை 1950 ஓகஸ்ட் 10ஆம் திகதி பிறப்பிக்கப்பட்டது. அத்திகதியிலே ஒருவரோ அவருடைய பெற்றோரோ எந்த மாநிலத்தை நிரந்தர வதிவிடமாகக் கொண்டிருந்தனர் என்பதே இன்றும் கேட்கப்படும் கேள்வி. 1990இல் இந்திய உச்ச நீதிமன்றம், ஒரு மாநிலத்துப் பட்டியலில் உள்ளவர் வேறொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அச்சலுகையைக் கோர முடியாது என்று தீர்ப்பளித்தது. தாயகம் திரும்பியோரில் ஒரு பகுதியினர் கேரளத்துப் புனலூரிலும் கர்நாடகத்துச் சுள்ளியா, புத்தூர் வட்டாரங்களிலும் இறப்பர்த் தோட்டங்களிற் குடியேற்றப்பட்டனர். அங்கு போனது அவர்கள் தாமாகத் தெரிந்த வழியன்று. அரசுகள் வகுத்த வழி. அவர்கள்மீது இவ்விதியின் பாரம் எத்துணை என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் என் குடும்பத்தின் இரு கிளைகளையும் அருகருகே வைத்து நோக்குதல் தகும். 1951ஆம் ஆண்டளவில் இக்கரையிலே பாட்டனாரிடம், நீ இந்நாட்டை விட்டு நீங்காதவன் என்பதற்குச் சான்று என்ன என்று கேட்டார்கள். எழுபது ஆண்டுகளின் பின் அக்கரையிலே அவருடைய தம்பியின் பேர்த்தியிடம், 1950இல் உன் முன்னோருக்கு இந்நாடே சொந்த ஊராக இருந்தது என்பதற்குச் சான்று என்ன என்று கேட்கிறார்கள். ஒரே லயத்திற் பிறந்த இருவரின் வழித்தோன்றல்கள் ஒரே காலத்தைப் பற்றி இரு வேறு சான்றுகள் காட்ட வேண்டியவராயினர். இரு கேள்விகளுக்கும் எங்களிடம் உண்மையான விடை இருந்தது. பத்திரம் மாத்திரம் இல்லை. எங்கள் மக்கள் இங்கிருந்த காலத்தில் இங்குள்ள அரசு அவர்களைப் பதியவில்லை. அங்கிருந்த காலத்தில் அங்குள்ள அரசு பதியவில்லை. பதியாத குற்றம் அரசுகளுடையது. தண்டனை மாத்திரம் மக்களுடையதாயிற்று.

ஆயின் சான்று கேட்பதே தவறு என்று நான் வாதிடவில்லை. அவ்வாறு வாதிடுதல் பொறுப்பற்ற செயலாகும். உயர்ந்த சாதியினரும் வசதி படைத்தோரும் பொய்ச் சான்று பெற்று ஒடுக்கப்பட்டோருக்குரிய இடங்களைக் கவர்ந்த செய்திகள் பல உண்டு. அப்படிப் பறிபோகும் ஒவ்வோர் இடமும் ஓர் ஏழைப் பிள்ளையின் இடம். 1994இல் பழங்குடிச் சான்று பற்றிய வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், சான்றுகளை ஆராய மாநிலந்தோறும் குழுக்கள் அமைக்கவும், புலனாய்வுப் பிரிவொன்று சொந்த ஊருக்கே சென்று விசாரிக்கவும் நெறிமுறைகள் வகுத்தது. அதன் நோக்கம் நன்று. எனினும் அதனைத் தொடர்ந்த நடைமுறையில் 1950க்கு முற்பட்ட எழுத்துச் சான்றுகளுக்கே மிகுந்த மதிப்பு ஏற்பட்டது. எழுத்தறிவு முந்தி வந்த குடும்பத்துக்கு இது வாய்ப்பு. எழுத்தறியாக் குடும்பத்துக்கோ ஒரு தடை. பொய்யனுக்குப் பத்திரம் தயாரித்துக்கொடுக்கத் தரகர் உண்டு. மெய்யனிடம் தரகருக்குக் கொடுக்கப் பணமில்லை.

பத்திரத்தின் திகதியும் படிவமும்கூட ஒருவரின் வாழ்வை மாற்றக்கூடும். விண்ணப்ப முடிவுத் திகதிக்குப் பின் சான்றைச் சமர்ப்பித்த பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் ஒருவருக்கு 2016இல் உச்ச நீதிமன்றம் சார்பாகத் தீர்ப்பளித்தது. பின்வந்த சில வழக்குகளில் அதே நீதிமன்றம் குறித்த திகதியையும் குறித்த படிவத்தையும் வற்புறுத்தியுமுள்ளது. ஒருவர் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறப்பது சான்றிதழ் வழங்கப்படும் நாளில் அன்று. அவர் பட்ட இழிவு அந்த நாளுக்காகக் காத்திருக்கவுமில்லை.

இது தாயகம் திரும்பியோரின் தனித்துயர் என்றும் எண்ணிவிடலாகாது. தமிழ்நாட்டு மலைகளிலே மலையாளி என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். கேரளத்தவரை நாம் அழைக்கும் பெயர் இவர்களுக்கும் உண்டெனினும் இவர்கள் வேறு. பட்டியலில் இவர்களின் பெயர் தருமபுரி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களுக்கு மாத்திரமே எழுதப்பட்டது. ஈரோட்டு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் அதே மக்கள் எல்லைக்கோட்டுக்கு இப்பாற்பட்டதனால் பட்டியலுக்கு வெளியே நின்றனர். நரிக்குறவர் பல்லாண்டு போராடிய பின்னர், 2022 டிசம்பரில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத் திருத்தத்தால்தான் தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலிற் சேர்க்கப்பட்டனர். ஊர் ஊராகச் சென்று ஊசி பாசி விற்று வாழ்ந்த மக்களிடம் நிரந்தர வதிவிடச் சான்று கேட்டால் எதைக் காட்டுவார்கள்?

முற்போக்காளர் சிலர் வேறொரு கேள்வி எழுப்புவர். சாதியை ஒழிக்க விரும்பும் நாம் அரசாங்கம் சாதிக்கு முத்திரையிட்டுக் கொடுப்பதை ஆதரிக்கலாமா? நேர்மையான கேள்வி, ஆதலின் நேர்மையாகவே விடை காணல் வேண்டும். நம் நாட்டிலே பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் இனம் உண்டு, சாதி இல்லை. சாதி அடிப்படையிலான வேலை ஒதுக்கீடும் இல்லை. அதனால் சாதி ஒழிந்ததா? 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்ததை நாம் அறிவோம். எங்கள் தோட்டங்களிலும் லயங்கள் சாதிவாரியாகப் பிரிந்து கிடந்ததை முதியோர் சொல்வர். பத்திரத்தில் சாதி இல்லை. பந்தியிலும் கிணற்றடியிலும் இருந்தது. சான்றிதழ் சாதியை உண்டாக்குவதில்லை. ஏற்கனவே உள்ள காயத்தைக் குறித்துக் காட்டுகின்றது. காயத்தின் பெயரை எழுத மறுக்கும் வைத்தியனால் காயம் ஆறிவிடாது.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? சான்றைத் தேடும் பொறுப்பின் பெரும்பங்கு விண்ணப்பதாரியிடமிருந்து அரசாங்கத்துக்கு மாற்றப்படல் வேண்டும். பதிவேடுகள் அரசாங்கத்தின் கையிலே உள்ளன; ஊர் விசாரணை செய்யும் உத்தியோகத்தரும் அரசாங்கத்தின் ஊழியரே. ஒரு கந்தோர் மற்றொரு கந்தோருக்குக் கடிதம் எழுதுவதற்குப் பதிலாக, நாட்கூலிக்காரன் ஒருவன் கூலியை இழந்து இரண்டுக்குமிடையே பேருந்தில் அலைய வேண்டியதில்லை. எழுத்துச் சான்று இல்லாதவிடத்து உறவினர் வாக்குமூலமும் ஊர்ப் பெரியோரின் நினைவும் முறைப்படி விசாரித்துப் பதியப்படல் வேண்டும். மறுப்பதாயின் குறித்த காலத்துள் காரணங்காட்டி எழுத்திலே மறுத்தல் வேண்டும். வாய்மொழி மறுப்பை எதிர்த்து எவரும் மேன்முறையீடு செய்ய முடியாது. இவை பொய்யருக்குக் கதவு திறப்பனவல்ல. அரசாங்கமே நேரிற் சென்று விசாரிக்குமாயின் தரகனின் போலிப் பத்திரம் முதலில் வெளிப்படும்.

தங்கையின் விடயம் ஒருவாறு முடிந்தது. துறையூர்ப் பக்கத்து இளம் கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் மனமுவந்து மூதாட்டியின் வாக்குமூலத்தைப் பதிந்து மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். விண்ணப்பித்த பதினான்காம் மாதத்தில் சான்றிதழ் கைக்கு வந்தது. அதற்குள் அந்தப் பதவிகள் நிரப்பப்பட்டுவிட்டன. அவளைப் பொதுப் போட்டியில் வைத்து எண்ணியபோது சில புள்ளிகள் போதாதிருந்தன. இப்பொழுது சிறிய தனியார் பள்ளி ஒன்றிலே சொற்பச் சம்பளத்துக்குப் படிப்பித்துக்கொண்டு மறுபடியும் பரீட்சைக்கு ஆயத்தம் செய்கின்றாள். தொலைபேசியில் என்னிடம், “அண்ணே, எனக்கு அந்த வேலை போனது போகட்டும். என் தம்பி பிள்ளைகளுக்கு இனிமேல் யாரும் எங்க தாத்தாவைத் தேடச் சொல்ல மாட்டாங்க” என்றாள். அவளுக்குத் தன் சான்றிதழ் பிந்தி வந்த வேலைப் பத்திரமன்று; ஒரு குடும்பத்தின் பெயர் முதன்முதலாக அரசாங்க ஏட்டில் ஏறிய நாள்.

ஆசிரியராகிய நமக்கு இதில் ஒரு கடமை உண்டு. ஏழையின் பெயர் எழுத்திலேறும் முதலிடம் பெரும்பாலும் பாடசாலைச் சேர்வு இடாப்பே. அங்கே நாம் அவசரத்தில் எழுதும் ஒரு பெயர்ப் பிழை, தவறவிடும் ஒரு திகதி, வெற்றாக விடும் ஓர் ஊர்ப் பெயர் அறுபது ஆண்டுகளின் பின் ஒரு பேரப்பிள்ளையின் வாழ்வை மறிக்கலாம். மாணவரும் தம் பாட்டன் பாட்டிமாரிடம் ஊர்ப் பெயர், தோட்டத்தின் பெயர், வந்த ஆண்டு, கூட வந்தோர் பெயர் ஆகியவற்றைக் கேட்டு எழுதி வைக்கட்டும். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இங்கு எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை தந்தது உண்மையே. ஆயினும் காணியுறுதியும் சொந்த முகவரியும் இல்லாத குடும்பங்கள் தோட்டங்களில் இன்றும் உள்ளன. அவர்களிடமும் நாளை எவரோ ஓர் அத்தாட்சி கேட்பர். உழைத்தவனிடம் உழைத்ததற்குச் சான்று கேட்கும் உரிமை, அவன் உழைப்பை ஒழுங்காகப் பதிந்து வைத்தவருக்கே உண்டு. அந்தப் பதிவை அரசாங்கம் செய்யுமாறு நாம் ஒன்றுசேர்ந்து கேட்போம். அது செய்யும்வரை நம் கையிலுள்ள இடாப்பையேனும் பிழையின்றி எழுதுவோம்.